ஆக்னஸ் வீட்டுக் கூரையில் ஞானசேகரனின் கால்கள்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள பசுஞ்சோலை பிளாட்ஸில், மூன்றாம் மாடியில் குடியிருந்த ஞானசேகரனின் பாதங்கள் இரண்டும் இரண்டாம் மாடி ஆக்னஸ் வீட்டுக் கூரை வழியாக வெளியே வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில், தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில். ஆக்னஸ் ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து ஃபேனைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தவர், ஃபேனுக்குப் பக்கத்தில் பத்து விரல்களும் வரிசையாக நிற்பதைக் கண்டார். வலது பெருவிரலில் நகம் உள்ளே வளர்ந்திருந்தது. தொழில் புத்தி, அதைத்தான் முதலில் கவனித்தார். பிறகு கணவர் தமிழரசுவை எழுப்பினார். கால்டாக்சி ஓட்டும் தமிழரசு பாயில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேலூட்டு அண்ணாத்தே காலு தான் இது. மெட்டி இல்ல பாரு" என்று துப்புத் துலக்கி முடித்து, டீ கேட்டார்.

ஞானசேகரன் அருப்புக்கோட்டைக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு காலத்தில் நட்டும் போல்ட்டும் செய்த தொழிற்சாலையை இடித்துவிட்டுக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் அவருக்கு வேலை. ஏதோ ஒரு அயல்நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினிகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நல்ல மனிதர் என்று பெயர். அந்தப் பெயரை அவர் ஒரே ஒரு சொல்லை வைத்துச் சம்பாதித்திருந்தார். மேனேஜர் பரந்தாமன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலையைக் கொண்டுவந்து திங்கள் காலைக்குள் வேண்டும் என்றால், "முடிச்சிடலாம் சார்" என்பார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மணவாளன் ஆண்டு விழாவுக்கு மைக் செட், சாப்பாடு, பாட்டுப் போட்டி மூன்றையும் அவர் தலையில் கட்டினால் அதற்கும் முடிச்சிடலாம். அருப்புக்கோட்டையிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா போன் செய்து பையனுக்கு ஐ.டி.யில் ஒரு வேலை பார்க்கச் சொன்னால் அதற்கும் முடிச்சிடலாம். பையன் படித்தது மீன்வளம். அதெல்லாம் ஒரு தடையா, போங்கள்!

முதலில் தரை கொஞ்சம் இளகினாற்போல இருந்தது என்கிறார்கள். ஹாலில் போன் பேசியபடி நடக்கும் பழக்கமுள்ளவர் நின்ற இடத்திலேயே கணுக்கால் வரை இறங்கினார். சப்பாத்தி மாவில் விரலை அழுத்தினால் எப்படி இடம் கொடுக்குமோ அப்படி டைல்ஸ் இடம் கொடுத்தது. ஆரம்ப நாட்களில் காலை உருவி எடுத்துச் செருப்பு மாட்டிக்கொண்டு ரயிலைப் பிடித்துவிடுவார். ஆக்னஸ் பார்த்த அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு உருவ முடியவில்லை. பில்டர் அனுப்பிய இன்ஜினியர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒரு விரிசல் கிடையாது, ஒரு துளி சிமென்ட் உதிரவில்லை. "ஸ்லாப் நல்லா இருக்கு. ஆள்தான் இறங்குறாரு. அது எங்க கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் வேலை செய்யாததால் படியிறங்கிப் போனார்.

சங்கம் கூடியது. இப்படி ஒரு மனிதர் தரைக்குள் போகிறாரே என்று ஒரு ஜீவனாவது கவலைப்பட்டதா என்றால் இல்லை. முழங்காலுக்குக் கீழே இருப்பவர் மூன்றாம் மாடிவாசியா, இரண்டாம் மாடிவாசியா என்பதுதான் பேச்சு. கடைசியில் மணவாளன் தீர்ப்புச் சொன்னார்: கால்கள் இரண்டும் பார்வையாளர். பார்வையாளர் என்றால் வாசல் காவலாளி தன் போனில் பதிவு போட வேண்டும், வீட்டுக்காரர் அனுமதி தர வேண்டும். அன்றிலிருந்து தினமும் காலையில் ஆக்னஸின் போன் சிணுங்கும், 'ஞானசேகரனின் கால்கள் வந்திருக்கின்றன, அனுமதிக்கலாமா' என்று கேட்கும். ஆக்னஸ் பல் தேய்த்தபடியே அனுமதியை அழுத்துவார். ஒருநாள் மறந்துபோய் அழுத்தவில்லை. கால்கள் பாட்டுக்கு அங்கேயே இருந்தன, காவலாளிதான் திட்டு வாங்கினார்.

குளியல், மற்ற காரியங்கள் எல்லாம் எப்படி என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நேராக அகல்யாவிடமே கேட்ட ஒருவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார் என்பதால் இங்கே அது எழுதப்படவில்லை. அகல்யா ஞானசேகரனின் மனைவி, பட்டாபிராமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், கோபக்காரி. கணவரின் மேல்பாதிக்கு அவர் சட்டை போட்டுவிட, கீழ்ப்பாதிக்கு ஸ்டூல் மேல் ஏறி டிராக் பேண்ட் மாட்டிவிட்டவர் தமிழரசு. உள்ளே வளர்ந்திருந்த நகத்தை ஆக்னஸ் வெட்டிச் சரிசெய்தார். ஒரு மனிதரைப் பராமரிக்க இரண்டு குடும்பம் தேவைப்பட்டது. இரண்டும் முகம் சுளிக்காமல் செய்தன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்தே வேலை, எழுந்து போவதில்லை, தேநீர் இடைவேளை இல்லை, கேமராவில் எப்போது பார்த்தாலும் ஆள் இருக்கிறார். ஆண்டுக் கூட்டத்தில் 'நிலைத்து நிற்கும் ஊழியர்' என்று ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதைக் கூரியரில் வாங்கியபோது அவர் தொடை வரை இறங்கியிருந்தார்.

வேலை அவரை இறக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தது அகல்யாதான். நாள் முழுக்க முதுகொடிய உழைத்தாலும் மனிதர் ஒரு நூல் இறங்குவதில்லை. முடிச்சிடலாம் என்ற அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், கல் மாதிரி இறங்கினார். இரண்டு நாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டு, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்து இதை உறுதிசெய்துகொண்ட அகல்யா, மூன்றாம் நாள் பேச்சை எடுத்தார்.

"ஏங்க, முடியாதுன்னு ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன்."

"எப்படிம்மா சொல்றது? மனசு சங்கடப்படாதா?"

"யாருக்கு?"

"பரந்தாமன் சாருக்கு."

"இங்க தரைக்குள்ள நிக்கிறது பரந்தாமன் சாரா?"

அன்று சாயங்காலமே மணவாளன் வந்து, கொசு மருந்து அடிப்பதற்கு மாநகராட்சி ஆபீசில் பேசி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். நடக்கவே முடியாத மனிதரிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அவரும் முடிச்சிடலாம் என்றார். அகல்யா சமையலறைக்குள் போய் மிக்ஸியை ஓடவிட்டு அழுதார். மிக்ஸியில் எதுவும் இல்லை.

இதற்கிடையில் கீழ் வீட்டில் ஆக்னஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிளெஸ்ஸி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குத் தூளி கட்ட வேண்டும், கூரையில் கொக்கி இல்லை. பசுஞ்சோலையில் கூரையைத் துளைப்பது சங்க விதிப்படி குற்றம். மணவாளனிடம் மனு கொடுத்தால் அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்றார். பொதுக்குழு கூடுவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும். தமிழரசு யோசித்துப் பார்த்தார். மாடியேறி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அண்ணாத்தே, ஒண்ணியும் தப்பா நெனச்சிக்காத. உன் காலு சும்மா தான தொங்கிகினு கீது?" என்றார். ஆக்னஸின் கல்யாணத்துக்கு முந்தைய பருத்திப் புடவை ஒன்று ஞானசேகரனின் இரண்டு கணுக்கால்களிலும் கட்டப்பட்டு, பிளெஸ்ஸி அதில் படுத்தாள். குழந்தையின் பாரம் இழுத்து அவர் இன்னும் இறங்கிவிடுவாரோ என்று அகல்யா பயந்தார். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

ஞானசேகரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதற்றம் வந்தால் கால் ஆட்டுவார். பரந்தாமனின் கூட்டங்கள் தினமும் மதியம் இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்குக் கால்கள் ஆட ஆரம்பிக்கும், தூளி ஆடும், பிளெஸ்ஸி தூங்குவாள். கூட்டம் நீண்டால் தூக்கமும் நீளும். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அந்தக் குழந்தை தூங்கிய தூக்கம் வேறெந்தக் குழந்தையும் தூங்கியிருக்காது. எடை நன்றாக ஏறியிருப்பதாக டாக்டர் பாராட்டினார். மேலே ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார், கீழே ஒரு குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது.

அப்புறம் கம்பெனிக்கு ஊழியர்களின் மனநலம் பற்றி அக்கறை வந்தது. மன அழுத்த நிவாரண வாரம் ஒன்றை அறிவித்தார்கள். திங்களன்று மூச்சுப் பயிற்சி, செவ்வாயன்று சிரிப்புப் பயிற்சி, புதனன்று 'முடியாது என்று சொல்லப் பழகுவோம்' என்ற தலைப்பில் ஒரு மும்பை நிபுணரின் உரை, இப்படி. இதையெல்லாம் யாராவது ஒருங்கிணைக்க வேண்டுமே? பரந்தாமன் போன் செய்தார். "சேகர், உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது. வழக்கமான வேலைக்கு நடுவுல அப்படியே பார்த்துக்கலாம்ல?" என்றார். ஞானசேகரன் அந்தச் சொல்லைச் சொன்னார். ஒரே மூச்சில் இடுப்பிலிருந்து விலா வரை போனார். அதுவரை இறங்கியதிலேயே அதுதான் பெரிய இறக்கம். வாரம் வெற்றிகரமாக நடந்தது. நிபுணர் பேசும்போது எல்லோருடைய மைக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்ததில் ஞானசேகரனுக்கு உரையின் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. எல்லோருக்கும் ஒரு வாசனை மெழுகுவத்தி வந்தது. அவருடையதை அகல்யா கரண்ட் போகும்போது ஏற்றினார்.

சில மாதங்களில் மறுசீரமைப்பு. பாதிப் பேர் போனார்கள். போனவர்களின் வேலை இருந்தவர்களிடம் வந்தது. பிறகு, ஒரு புதிய மென்பொருள் தானாகவே எல்லா வேலையையும் செய்யும், அதற்கு வேலை கற்றுக்கொடுப்பதுதான் இனி உங்கள் வேலை என்றார்கள். அதற்கும் ஞானசேகரனுக்கு ஒரே பதில்தான். தோள் இறங்கியது. கைகளை மட்டும் மேலே எடுத்து வைத்துக்கொண்டு, கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல டைல்ஸ் மேல் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். அகல்யா தரையில் குப்புறப் படுத்துத்தான் அவருக்குச் சோறு ஊட்ட முடிந்தது. கீழே தமிழரசு, எதற்கும் இருக்கட்டும் என்று கால்களுக்கு நேராக ஒரு மெத்தையை விரித்து வைத்தார்.

அந்த மெத்தையைப் பற்றி ஆக்னஸ் வாயிலிருந்து தெரிந்துகொண்ட அன்று அகல்யாவுக்குப் பொறுமை போனது. தரையில் படுத்து, கணவரின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னார்: "தலை மேல இருக்கிற வரைக்கும் இது உங்க வீடு. அதுவும் போச்சுன்னா நீங்க ஆக்னஸ் வீட்டு மனுஷன். நான் கீழ வந்து கூட்டிட்டு வரமாட்டேன். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெம்பு இல்ல." சண்டை போடாமல் அகல்யா ஒரு விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞானசேகரனுக்கு நெஞ்சு திக்கென்றது, அந்த நெஞ்சு கீழ் வீட்டில் இருந்தாலும்.

போகிப் பண்டிகையன்று மதியம் பரந்தாமன் கூப்பிட்டார். அப்போது தரை முகவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அந்தச் சொல் வந்தால் வாய் மூழ்கிவிடும், அதற்குப் பிறகு எந்தச் சொல்லும் வராது. அகல்யா போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"சேகர், ஹாப்பி பொங்கல்! ஒரு சின்ன விஷயம். கிளையன்ட் எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்தணும்கிறாங்க. இந்தப் பொங்கல் லீவுலயே பண்ணிட்டா நல்லது. நீங்க எப்படியும் வீட்டுலதான இருக்கப் போறீங்க?"

கீழே தூளி குலுங்கியது. கால்கள் ஆடிய ஆட்டத்தில் ஃபேன் இறக்கையில் கட்டைவிரல் பட்டுவிடும் போலிருந்தது. தமிழரசு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூளியிலிருந்து அள்ளிக்கொண்டார். "ஏய், இன்னாமோ நடக்குது மேல" என்று ஆக்னஸைக் கூப்பிட்டார். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால்கள் ஆடி ஆடி, பிறகு நின்றன.

மேலே ஞானசேகரன் வாயைத் திறந்தார். பழக்கத்தில் 'முடி' என்பது வரை வந்துவிட்டது. முகவாயைச் சுற்றித் தரை இளகியது. அகல்யா கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாது சார்."

பரந்தாமன் இப்போது கத்துவார், இப்போது வேலையை விட்டுத் தூக்குவார், கண்ணாடிக் கட்டடம் இடிந்து விழும் என்றெல்லாம் ஞானசேகரன் எண்ணிக்கொண்டு கிடந்தார்.

"ஓ. சரி சேகர், பரவாயில்ல. நான் திருமுருகன்கிட்ட கேட்டுக்கிறேன். பொங்கலை என்ஜாய் பண்ணுங்க."

அவ்வளவுதான். போன் அணைந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் ஞானசேகரன்.

"இவ்வளவுதான்" என்றார் அகல்யா.

ஞானசேகரன் அழுதார். தலை மட்டும் தரைமேல் இருக்கிற ஒரு மனிதர் அழுவதைப் பார்க்க நன்றாக இருக்காது. அழுகைக்குக் காரணம் நிம்மதி இல்லை, ஆத்திரம். எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம், அப்பாவின் காரியத்தில் பாதியில் எழுந்து மடிக்கணினியைத் தேடிப் போனது! அப்போதெல்லாம் இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அந்த ஆள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேறொருவரைக் கேட்டிருப்பான். அகல்யா பக்கத்தில் வந்து படுத்து, முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்தார். திட்டவில்லை.

மறுநாள் பொங்கல் பொங்கியபோது முகவாய்க்குக் கீழே ஒரு விரல் அளவு கழுத்து தெரிந்தது. ஏறுவது இறங்குவதைப் போல் வேகமாக நடக்கவில்லை. மணவாளனுக்கு ஒரு முடியாது, சித்தப்பாவுக்கு ஒரு முடியாது, பரந்தாமனுக்கு வாரம் ஒரு முடியாது என்று நகம் வளர்வதைப் போல வளர்ந்து மேலே வந்தார். எல்லாமே பரவாயில்லையோடு போய்விடவில்லை. சித்தப்பா பேச்சை நிறுத்தினார். அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை, 'ஒத்துழைப்பு குறைந்துள்ளது' என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்தபோது அவர் தொப்புள் வரை வெளியே வந்திருந்தார் என்பதால் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. பாதமும் வெளியே வந்த அன்று, ஹாலில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஓட்டை மட்டும் மிஞ்சியது. அது மூடவும் இல்லை, விரியவும் இல்லை. அதன் வழியாக மேல் வீட்டுச் சாம்பார் கீழேயும் கீழ் வீட்டு மீன் குழம்பு மேலேயும் கயிற்றில் போய்வந்தன.

ஒரே ஒரு பிரச்சினை. பிளெஸ்ஸி மதியத் தூக்கத்தை விட்டுவிட்டாள். பொதுக்குழு கொக்கிக்கு அனுமதி கொடுத்தும் பயனில்லை. கொக்கியில் கட்டிய தூளியில் படுக்கவைத்தால் அண்ணாந்து கூரையில் எதையோ தேடி, காணாமல் வீறிட்டாள். டியூட்டி முடிந்து வந்த ஆக்னஸுக்கும் தூக்கம் போனது. தமிழரசு மறுபடி மாடியேறி வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணாத்தே, நீயே இப்பதான் ஏறி வந்துகீற, கேக்கவே கூடாது. ஆனா கொயந்த தூங்க மாட்டேன்னுது. டெய்லி மத்தியானம் கொஞ்ச நேரம் காலத் தொங்க உடேன்."

அகல்யாவின் முகம் கறுத்தது. ஞானசேகரன் டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். ஓட்டையை எட்டிப் பார்த்தார். கீழே ஆக்னஸின் தோளில் கிடந்த பிளெஸ்ஸி அவரை அடையாளம் தெரியாமல் முறைத்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்தானே. "சரி தமிழு, பண்ணிடலாம்" என்றார். மூன்று பேரும் சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தார்கள். தரை கெட்டியாக இருந்தது. அகல்யா குனிந்து விரலால் ஒருதரம் தட்டியும் பார்த்துக்கொண்டார்.

திருமுருகனைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். பொங்கல் வேலையை ஏற்றுக்கொண்ட அவர் வேப்பம்பட்டில் சொந்தமாக வீடு கட்டியிருந்தார், தனி வீடு, தரைத்தளம். ஞானசேகரன் ரயிலேறிப் போய்ப் பார்த்தபோது திருமுருகன் முழங்கால் வரை இறங்கியிருந்தார். அந்த வீட்டுக்குக் கீழே வீடு இல்லை. பேண்ட் மாட்டிவிட ஆளில்லை, நகம் வெட்ட ஆளில்லை, தூளி கட்டவும் வழியில்லை. வெறும் மண். ஞானசேகரன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி, சொல்ல வேண்டிய சொல்லையும் சொல்லிக்கொடுத்தார். திருமுருகன் காதிலிருந்து ஹெட்போனைப் பாதி கழற்றி, "கண்டிப்பா சொல்றேன் அண்ணே. இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிடலாம், அப்புறம் சொல்றேன்" என்றார். சொல்லும்போதே ஒரு விரல்கடை இறங்கினார். ஞானசேகரன் ஞாயிறுதோறும் போய்வருகிறார். இந்த வாரம் இடுப்பு.

பசுஞ்சோலையில் இப்போது யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. தினமும் மதியம் ஆக்னஸின் போன் சிணுங்குகிறது, அவர் அனுமதியை அழுத்துகிறார், ஞானசேகரன் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுகிறார், தமிழரசு ஸ்டூல் மேல் ஏறிப் புடவையைக் கட்டுகிறார். போன வாரம் அப்படி அவர் கால் ஆட்டிக்கொண்டிருந்தபோது பரந்தாமன் கூப்பிட்டார். அவசரமாம், உடனே எல்லோரும் கூட்டத்துக்கு வர வேண்டுமாம்.

"இப்ப முடியாது சார்" என்றார் ஞானசேகரன், குரலைத் தாழ்த்தி. "குழந்தை தூங்குது."

"உங்களுக்குக் குழந்தை இருக்கா சேகர்? சொல்லவே இல்லையே?"

"எனக்கு இல்ல சார். கீழ் வீட்டுக் குழந்தை."

பரந்தாமன் என்ன நினைத்தாரோ தெரியாது. கூட்டம் நாலரை மணிக்குத் தள்ளிப்போனது. பிளெஸ்ஸி ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள்.